சான்று பெற்ற தங்கம் வாங்கினால் முத்திரை போடலாமா? ஃபேர்மைன்ட், ஃபேர்டிரேட், ஆர்.ஜே.சி: உரிமமும் லேபிள் விதிகளும்

புதுமூசை:

வணக்கம். சான்று பெற்ற விற்பனையாளரிடம் 18 கேரட் ஃபேர்மைன்ட் (பொறுப்போடு நடக்கும் சிறு சுரங்கங்களின் தங்கத்துக்கான சான்று) தங்கக் குறுணை 200 கிராம் பில்லோடு வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதில் மோதிரம் வார்த்து விற்கும்போது லேபிளில் 'ஃபேர்மைன்ட் தங்கம்' என்று போடத் தனி உரிமம் வேண்டுமா, பில்லே போதாதா? வார்ப்பை வெளியில் கொடுத்தால் சான்று போய்விடுமா? வார்ப்பு மரத்தில், அதாவது பல மோதிரங்கள் ஒரே தண்டில் கிளைபோல வார்க்கப்பட்ட கொத்தில், மிஞ்சும் தண்டை அடுத்த வார்ப்பில் சேர்க்கலாமா? சிலர் 'ஆர்.ஜே.சி (ரெஸ்பான்சிபிள் ஜுவல்லரி கவுன்சில்) சான்று பெற்ற தங்கம்' என்று எழுதுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

உரைகல்:

பில் போதாது. குறுணை உங்கள் சொத்து, 'ஃபேர்மைன்ட்' என்ற பெயர் உங்கள் சொத்தில்லை. அது பதிவு பெற்ற வணிகப் பெயர். அதை நடத்துவது அலையன்ஸ் ஃபார் ரெஸ்பான்சிபிள் மைனிங், சுருக்கமாக ஏ.ஆர்.எம், 2004-இல் தொடங்கியது, கொலம்பியாவிலிருந்து இயங்குகிறது. விற்கிற பொருளோடு அந்தப் பெயரையோ சின்னத்தையோ சேர்க்க அவர்களோடு உரிம ஒப்பந்தம் வேண்டும்.

சிறு உற்பத்தியாளருக்கு நியாய விலை கிடைக்கச் செய்யும் திட்டமான ஃபேர்டிரேட் தங்கத்திலும் இதே நிலைதான், ஆனால் வேலை இரண்டு கைகளில் இருக்கிறது. கணக்கைத் தணிக்கை செய்து சான்று தருவது ஃப்ளோசர்ட். சின்னத்துக்கு உரிமம் தருவது அந்தந்த நாட்டு ஃபேர்டிரேட் அமைப்பு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. பிரிட்டனில் சிறு பொற்கொல்லர்களுக்கென்று எளிய பதிவுத் திட்டம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு வாங்கும் எடைக்கு உச்சவரம்பு, குறுணை, கம்பி, தகடு எல்லாம் அங்கீகாரம் பெற்றவரிடம்தான் வாங்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்தப் பதிவு வேறு, நகையின் மேல் முத்திரை அடிக்கும் உரிமம் வேறு.

பழைய விளம்பரங்களில் இரண்டு பெயரும் ஒரே சின்னத்தில் இருப்பதைப் பார்த்து, 'இரண்டையும் போடலாம்' என்று நினைப்பவர்களும் உண்டு. 2011-இல் இரண்டும் சேர்ந்து கூட்டு முத்திரையாக வந்தன. 2013-இல் பிரிந்துவிட்டன. அந்தப் பழைய படத்தை எடுத்து இன்றைய பொருளுக்குப் போட்டால் இரண்டு பேரிடமிருந்தும் கடிதம் வரும்.

ஆர்.ஜே.சி வேறு இனம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

அரத்தூள்:

வார்ப்பு பத்தி நான் சொல்றேன், ஏன்னா சான்று அதிகமா செத்துப்போற இடம் அதுதான்.

வெளி வார்ப்புக்கூடத்துல ஒரே நாள்ல பத்துப் பேர் வேலை ஓடும். தங்கத்தை உருக்கற மூசை ஒண்ணுதான். முந்தைய வார்ப்போட ஒட்டல் மூசையில இருக்கும், அடுத்தவங்க தங்கம் அதுல உருகும். வழக்கமா அவங்க உங்க குறுணையையே உருக்கணும்னுகூட இல்ல. எடைக்கு எடை மாத்திக்குவாங்க: நீங்க 200 கிராம் குடுத்தா, அவங்க கையில இருக்கற 18 கேரட்ல வார்த்து, கணக்கை நேர் பண்ணிடுவாங்க. தங்கத்தோட மாத்து, அதாவது தரம், சரியா இருக்கும், எடை சரியா இருக்கும், ஹால்மார்க்கும் தாண்டிடும். ஆனா உங்க மோதிரத்துல இருக்கறது ஃபேர்மைன்ட் தங்கம் இல்ல. உரைகல்லுல தேய்ச்சாலும் தெரியாது, எக்ஸ்ரே கருவியில வெச்சாலும் தெரியாது.

அதனால வேலை ஒப்பந்தத்துல நாலு விஷயம் எழுத்துல வாங்கணும். குடுத்த உலோகம்தான் திரும்ப வரணும். தனி மூசை, இல்லைன்னா நாளோட முதல் வார்ப்பு, அதுவும் சுத்தம் பண்ணின மூசையில. தண்டு, அடிக்கட்டி எல்லாம் எடை போட்டுத் திருப்பித் தரணும். வேலையை இன்னொரு இடத்துக்கு மாத்தி விடக்கூடாது. கடைசி ஷரத்தைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. கூட்டம் அதிகமானா வார்ப்புக்காரர் பக்கத்துக் கூடத்துக்கு அனுப்பிடுவாரு, உங்களுக்குத் தெரியவே தெரியாது.

உரைகல்:

அரத்தூள் அண்ணன் சொன்னதற்கு ஒரு துணைச்செய்தி. ஆர்.ஜே.சி-யின் கைமாற்றுச் சங்கிலித் தரநிலை, 'செயின் ஆஃப் கஸ்டடி', இதற்கு வழி வைத்திருக்கிறது. சான்று இல்லாத ஒப்பந்ததாரரிடம் வேலை கொடுக்கலாம். ஆனால் பொருளின் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும், கலப்படமாகும் அபாயத்தை மதிப்பிட்டு எழுதி வைத்திருக்க வேண்டும், போன எடையும் வந்த எடையும் பதிவில் இருக்க வேண்டும், அவர் வேறொருவருக்கு மாற்றிவிடக் கூடாது. அண்ணன் சொன்ன நாலும் கிட்டத்தட்ட அதேதான். ஃபேர்மைன்டிலும் ஃபேர்டிரேடிலும் ஒப்பந்ததாரர் பெயரை முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. தணிக்கையின்போது புதிதாக ஒரு பெயர் முளைத்தால் அதுவே குறைபாடாகக் குறிக்கப்படும்.

இப்போது 'ஆர்.ஜே.சி சான்று பெற்ற தங்கம்' என்ற வாசகம். ரெஸ்பான்சிபிள் ஜுவல்லரி கவுன்சில் 2005-இல் தொடங்கியது. அங்கே இரண்டு சான்றுகள். ஒன்று நடத்தை நெறி: உறுப்பினராகச் சேர்ந்தவர் 2 ஆண்டுக்குள் பெற்றாக வேண்டும். தொழிலாளர் நிலை, பாதுகாப்பு, லஞ்ச ஒழிப்பு, மனித உரிமை என்று நிறுவனம் நடக்கும் விதத்தைப் பார்க்கிறது. அது நிறுவனத்துக்கான சான்று. மேசையில் இருக்கும் மோதிரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது, மேலே சொன்ன கைமாற்றுச் சங்கிலி. 2012-இல் வந்தது, கட்டாயமில்லை, உலோகத்தைப் பின்தொடர்கிறது. முதல் சான்று மட்டும் வைத்துக்கொண்டு 'ஆர்.ஜே.சி சான்று பெற்ற தங்கம்' என்று எழுதுவது பொய். 'நாங்கள் ஆர்.ஜே.சி சான்று பெற்ற உறுப்பினர்' என்று சான்று எண்ணோடு எழுதலாம், அதையும் பொருளின் சீட்டில் போடக்கூடாது, நிறுவனத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் போட வேண்டும்.

ஏட்டுக்கணக்கு:

தண்டு விவகாரத்துக்கு வருகிறேன். கேள்வியில் சொன்ன 200 கிராமையே எடுத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுதான், முறை முக்கியம்.

18 கேரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு. ஆக 200 கிராம் குறுணையில் தூய தங்கம் 150 கிராம். கணக்கு இந்த 150-ல்தான் ஓட வேண்டும், 200-ல் இல்லை.

வார்த்த பிறகு மரத்தின் எடை 199.2. உருக்கில் போனது 0.8. அதிலிருந்து வெட்டியெடுத்த மோதிரம் 24, ஒவ்வொன்றும் 5.2, மொத்தம் 124.8. தண்டும் அடிக்கட்டியும் 74.4. ராவி மெருகேற்றிய பின் மோதிரம் ஒன்று 4.9 கிராம், மொத்தம் 117.6. பெட்டியில் பிடித்த அரத்தூள் 5.4. மெருகுச் சக்கரத்திலும் காற்றிலும் போனது 1.8.

இப்போது எல்லாவற்றையும் தூய தங்கமாக மாற்றுங்கள். விற்பனைக்குப் போவது 88.2. தண்டு 55.8. தூள் 4.05. சேதாரம் 0.8 கூட்டல் 1.8, அதாவது 2.6 கிராம், தூய தங்கமாக 1.95. கூட்டினால் சரியாக 150. ஆடிட்டர் கேட்பது இந்த ஒரு வரிதான்: உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு.

தண்டைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், சான்று பெற்ற புதுக் குறுணையோடு மட்டும். 74.4 கிராம் தண்டோடு சாதாரண 18 கேரட் 10 கிராம் சேர்ந்தாலும் அந்த மொத்த வார்ப்பும் சான்றை இழக்கும். 'எட்டில் ஏழு பங்கு சான்று பெற்றதுதானே' என்று விகிதம் போட முடியாது; உலோகத்தையே கைக்குக் கை பின்தொடரும் முறையில் விகிதம் என்பதே இல்லை.

சேதாரம் கூடினால் ஆடிட்டர் பெரிதாகக் கவலைப்பட மாட்டார். சேதாரம் குறைந்தால்தான் கண் சிவக்கும். 24 மோதிரத்துக்கு சேதாரம் சுழியம் என்று ஏடு சொன்னால், வேறு தங்கம் உள்ளே நுழைந்திருக்கிறது என்று அர்த்தம்.

புதுமூசை:

நன்றி ஐயா. அப்படியென்றால் பற்றாசு? மோதிரத்தின் அளவு மாற்றும்போது வைக்கும் பொடி சான்று பெற்றதாகக் கிடைப்பதில்லையே. காதணியின் திருகாணி, சங்கிலியின் கொக்கி இதெல்லாம்?

அரத்தூள்:

இதுக்குப் பொது விதின்னு நினைச்சுக்காதீங்க. சான்று பெற்ற உருவத்துல கிடைக்காத சின்ன உறுப்புகளுக்கு உரிமம் தர்றவங்ககிட்ட விலக்கு கேட்கலாம். ஆனா 'சின்னதுதானே'ன்னு தானா முடிவு பண்ணக்கூடாது, எழுத்துல பதில் வாங்கிக் கோப்புல வைங்க. எந்த வடிவமைப்புக்கு, எந்த உறுப்பு, எவ்வளவு எடைன்னு கேட்டாத்தான் பதிலும் உருப்படியா வரும்.

எடைக் கணக்குல பொடியைத் தனி வரியா காட்டுங்க. 24 மோதிரத்துக்கும் தலா 0.04 கிராம் பொடி போச்சுன்னா 0.96 கிராம் ஆச்சு. அதைக் காட்டலைன்னா ஏட்டுக்கணக்கு ஐயா சொன்ன 'சேதாரம் குறைஞ்சது' தொல்லை அங்கேயே முளைக்கும். சான்று பெற்ற தகட்டுலேர்ந்து பொடியைப் பட்டறையிலேயே செய்துக்கிறவங்களும் உண்டு, உருகுநிலையைச் சரியா இறக்கத் தெரிஞ்சா அது சுத்தமான வழி. லேசர் வெல்டிங் இருந்தா அதே கம்பியை வெச்சே ஒட்டிடலாம், பொடிப் பிரச்சனையே கிடையாது.

மாற்று_குறையாது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இத்தனை பாடு எதற்கு? ஃபேர்மைன்டிலேயே 'இன்கார்ப்பரேட்டட்' முறை இருக்கிறதே. கலந்தாலும் பரவாயில்லை, அளவுக்கு அளவு வாங்கினால் போதும். சுரங்கத் தொழிலாளிக்கும் தங்க விலைக்கு மேல் தரும் அதே கூடுதல் தொகை போகிறது. அதில் சேர்ந்து மோதிரத்தில் முத்திரை போட்டுவிடலாமே.

உரைகல்:

பாதி சரி, பாதி ஆபத்து.

கூடுதல் தொகையைப் பற்றிச் சொன்னது சரி. ஃபேர்மைன்டில் கிலோவுக்கு 4,000 அமெரிக்க டாலர். பாதரசமும் சயனைடும் தொடாமல் எடுக்கும் 'எகாலஜிக்கல்' தங்கத்துக்கு 6,000. ஃபேர்டிரேடில் 2,000. இதற்கு மேல், தங்கத்தின் அடிப்படை விலை லண்டன் விலையில் குறைந்தது 95 விழுக்காடு இருக்க வேண்டும். வழக்கமான இடைத்தரகர் சிறு சுரங்கக்காரருக்குத் தருவதோடு ஒப்பிட்டால் இந்த 95-தான் பெரிய விஷயம், கூடுதல் தொகை அதற்கு அடுத்ததுதான் என்பது என் எண்ணம். மோதிரத்தின் கணக்கில் போட்டால், 4.9 கிராம் 18 கேரட்டில் தூய தங்கம் 3.675 கிராம். ஃபேர்மைன்ட் கூடுதல் தொகை 14 டாலர் 70 சென்ட். ஃபேர்டிரேடில் 7 டாலர் 35 சென்ட்.

முத்திரை போடலாம் என்றது தவறு. இன்கார்ப்பரேட்டட் முறையில் தங்கம் சுத்திகரிப்பு ஆலையில் சாதாரணத் தங்கத்தோடு கலந்துவிடுகிறது. உங்கள் கையில் வரும் மோதிரத்தில் அந்தச் சுரங்கத்தின் ஓர் அணுகூட இல்லாமல் போகலாம். ஆகவே பொருளின் மேல் முத்திரையும் கூடாது, 'இந்த மோதிரம் ஃபேர்மைன்ட் தங்கத்தில் செய்தது' என்ற வாசகமும் கூடாது. நிறுவனம் இத்தனை அளவு வாங்கி சிறு சுரங்கங்களுக்குத் துணை நிற்கிறது என்ற தொனியில், பொருளை விட்டு விலகி, ஒப்புதல் பெற்ற சொற்களில் எழுதலாம்.

மாற்று_குறையாது:

ஏற்கிறேன். ஆனால் வாங்குகிறவர் பார்வையில் அது வெறும் சொல் விளையாட்டாகத் தெரியாதா? காசு போய்ச் சேர்ந்தால் அணு எங்கே இருந்தால் என்ன?

ஏட்டுக்கணக்கு:

காசு கொடுத்தவருக்கு விற்றவர் என்ன சொன்னார் என்பதுதான் கேள்வி. 'இதில் இருக்கிறது' என்று சொல்லி விற்றால் இதில் இருக்க வேண்டும். கடிகாரத் தொழிற்சாலை போல பல ஆலைகளிலிருந்து தகடும் கம்பியும் வாங்கும் இடத்துக்கு உலோகத்தையே கைக்குக் கை பின்தொடர்வது நடைமுறையில் கடினம், அவர்களுக்காகத்தான் அந்த முறை. 200 கிராமில் வேலை செய்கிற பட்டறைக்குத் தனி டப்பா, தனி ஏடு வைப்பது ஒன்றும் பெரிய பாடில்லை.

சட்டவாசி:

தாமதமாக வருகிறேன். ஐரோப்பாவுக்கு விற்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2024/825 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றிய ஆணையின்படி உறுப்பு நாடுகளின் விதிகள் 27 செப்டம்பர் 2026 முதல் நடைமுறைக்கு வருகின்றன. முறையான சான்றுத் திட்டத்தின் அடிப்படையிலோ, அரசு அமைப்பாலோ ஏற்படாத நிலைத்தன்மை லேபிள்களுக்குத் தடை. பட்டறை தானே வரைந்து, பச்சை இலையும் 'நெறித்தங்கம்' என்ற எழுத்துமாக ஒரு வட்டச் சின்னம் போட்டால் அது நேராக இந்தத் தடைக்குள் விழும். சுற்றுச்சூழல் மட்டுமில்லை, சமூகத் தன்மைகளைச் சொல்லும் சின்னமும் இதில் அடங்கும். சான்றுத் திட்டம் என்று சொல்ல வேண்டுமானால் நிபந்தனை எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், மூன்றாம் தரப்பு கண்காணிக்க வேண்டும், மீறினால் சின்னத்தைப் பிடுங்கும் வழி இருக்க வேண்டும். 'பசுமையான', 'சூழலுக்கு உகந்த' போன்ற பொத்தாம்பொதுவான சொற்களும் ஆதாரமில்லாமல் கூடாது. கரிம ஈட்டுத்தொகை, அதாவது வேறெங்கோ உமிழ்வைக் குறைப்பதற்கான பணம், கட்டிவிட்டு 'இந்த நகை கரிமச் சமநிலை கொண்டது' என்பதும் கூடாது.

பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2021-இல் பசுமைக் கூற்று நெறியை வெளியிட்டது. ஏப்ரல் 2025 முதல் நுகர்வோர் சட்ட மீறலுக்கு உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அந்த ஆணையமே நேரடியாக அபராதம் போடலாம்.

ஆக இரண்டு தனித்தனி ஆபத்து. உரிமம் இல்லாமல் ஃபேர்மைன்ட் பெயரைப் போட்டால் அது வணிகச் சின்ன மீறல். உரிமம் இருந்தும் தவறான வாசகம் போட்டால் அது நுகர்வோரை ஏமாற்றுதல். ஒன்றைச் சரிசெய்வதால் மற்றது சரியாகாது.

புதுமூசை:

மறுசுழற்சித் தங்கம் என்று போட்டுவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே என்று சிலர் சொல்கிறார்களே?

சட்டவாசி:

அங்கேதான் தலைவலி அதிகம். ஐ.எஸ்.ஓ 14021 தரநிலையில் மறுசுழற்சி உள்ளடக்கம் என்றால் நுகர்வுக்கு முந்தைய கழிவு, நுகர்வுக்குப் பிந்தைய கழிவு என்று இரண்டு வகை. ஆனால் ஒரு தொழில்முறையில் மிஞ்சி, அதே முறைக்குள் திரும்பப் பயன்படக்கூடியதை அது கணக்கில் சேர்ப்பதில்லை. மேலே ஏட்டுக்கணக்கு காட்டிய 74.4 கிராம் தண்டை உருக்கி மறுபடி வார்த்துவிட்டு 'மறுசுழற்சி' என்று சொன்னால் அந்தத் தரநிலைப்படி செல்லாது.

உரைகல்:

தங்கத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு சங்கடம். பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் போலத் தங்கத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. எப்படியும் உருக்கப்படும். அதனால் மறுசுழற்சித் தங்கம் வாங்கினால் ஒரு கிராம் குறைவாகத் தோண்டுவார்கள் என்று சொல்ல முடியாது. அதோடு பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி-யின் வழிகாட்டியில், மறுசுழற்சித் தங்கத்தின் 'தோற்றம்' என்பது அது ஆலைக்கோ மறுசுழற்சி செய்பவருக்கோ திரும்பி வந்த இடம்தான். அதற்கு முன் எந்தச் சுரங்கம், எந்தக் கை என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. மோதல் பகுதித் தங்கத்தை ஒரு தரம் உருக்கி வளையலாக்கி, மறுபடி உருக்கினால் 'பழைய நகை' ஆகிவிடும். ஆகவே மறுசுழற்சி என்பது உலோகத்தின் நிலையைச் சொல்லும் சொல்; அறத்தைச் சொல்லும் சொல்லாக அதை லேபிளில் நிறுத்தக்கூடாது. எழுதுவதானால் எந்த வகை என்று எழுதுங்கள்: நுகர்வோர் திருப்பித் தந்த நகையா, ஆலைக்கழிவா.

ஆர்.ஜே.சி கைமாற்றுச் சங்கிலியில் மூன்று வகை உலோகம் ஏற்கப்படும்: தோண்டியது, மறுசுழற்சி, அப்புறம் 'பழைய கையிருப்பு', அதாவது 1 ஜனவரி 2012-க்கு முன்பே இருந்ததாக நிரூபிக்கக்கூடியது. ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு மாற்றுச்சீட்டு போக வேண்டும். அதில் தேதி, தருபவர் அடையாளம், சான்று எண், எடை, எந்த வகை என்பதெல்லாம் இருக்கும். மூன்றில் எதுவென்று எழுதாமல் 'சான்று பெற்ற தங்கம்' என்று மட்டும் போட்டால், வாங்குபவர் நியாயமான சுரங்கம் என்றே நினைப்பார். அந்த மௌனமும் ஒரு பொய்தான்.

இன்னொன்று, க்ராஃப்ட் நெறி. 2018-இல் வந்தது, சிறு சுரங்கங்கள் முறையான சந்தைக்குள் நுழைவதற்கான முதல் படி. அது சான்றே இல்லை, அதற்கு லேபிளும் கிடையாது. 'க்ராஃப்ட் சான்று பெற்றது' என்ற வாசகத்தை எங்கே பார்த்தாலும் எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை என்று கொள்ளலாம்.

கம்பித்தகடு:

லண்டன் சந்தையின் தர அங்கீகாரம் பெற்ற 'குட் டெலிவரி' கட்டி என்றாலே பொறுப்பான தங்கம்தானே? அதைச் சொல்லி விற்கலாமா?

உரைகல்:

லண்டன் தங்கச் சந்தைச் சங்கமான எல்.பி.எம்.ஏ-யின் பட்டியலில் இருக்கும் ஆலைகள் பொறுப்பான தங்க வழிகாட்டியின்படி ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுகின்றன, 2012 முதல். அது ஆலையின் விசாரணை முறைக்கான சோதனை. 350 முதல் 430 டிராய் அவுன்ஸ் எடையுள்ள அந்தக் கட்டியை யாரும் மோதிரமாக்கி விற்பதில்லை. உருகி, கலந்து, மூன்று கை மாறித்தான் பட்டறைக்கு வரும். அங்கிருந்து பொருளுக்கு லேபிள் எதுவும் இறங்கி வருவதில்லை. 'எங்கள் சப்ளையர் எல்.பி.எம்.ஏ பட்டியல் ஆலையில் வாங்குகிறார்' என்பது உண்மையானால் தகவலாகச் சொல்லலாம். குறைந்தபட்ச விசாரணை நடந்திருக்கிறது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

அரத்தூள்:

முத்திரை அடிக்கிறதைப் பத்தி யாரும் சொல்லலையே.

ஹால்மார்க் வேற, இது வேற. ஹால்மார்க் மாத்தைச் சொல்லுது, 750ன்னா 750. பிரிட்டன் மாதிரி இடத்துல உரிமம் இருக்கறவங்க கேட்டுக்கிட்டா, சோதனை நிலையமே ஹால்மார்க் பக்கத்துல ஃபேர்டிரேட் முத்திரையையும் போட்டுத் தரும். அதுக்கு உரிம விவரம் அங்கே பதிவாகியிருக்கணும்.

எப்ப அடிக்கணும்ங்கறது முக்கியம். டை வெச்சு அடிச்சா உலோகம் ஒதுங்கும். மோதிர வளையத்தோட உள்பக்கம் அடிச்சா வெளிப்பக்கம் லேசா புடைக்கும். அதனால ராவி, ஓரளவு மெருகு போட்டு, கடைசி மெருகுக்கு முன்னாடி அனுப்பணும். கல்லு பதிச்ச பிறகு அடிச்சா கல்லு ஆடும், சில சமயம் உடையும். முழு மெருகு போட்டு அனுப்பினா திரும்பி வந்து மறுபடி அரைக்கணும், அப்ப எழுத்து மங்கும். உள்ளீடற்ற வளையம், மெல்லிசுச் சங்கிலிக்கு லேசர்தான். ஆனா லேசர் மேலோட்டமானது, அழுத்தி மெருகு போட்டா அழிஞ்சுடும், அதனால அதை வேலை முடிஞ்ச பிறகு போடச் சொல்லுங்க.

மோதிர அளவு மாத்தும்போது முத்திரை இருக்கற இடத்தை வெட்டிடாதீங்க. பார்க்காம வெட்டறவங்கதான் ஜாஸ்தி. இன்னொண்ணு, பெரிசாக்கறதுக்கு சான்றில்லாத 18 கேரட் துண்டு வெச்சா, முத்திரை இருக்கற மோதிரத்துல கலப்புத் தங்கம். வாடிக்கையாளர் விரும்பினா செய்யலாம், ஆனா பில்லுல எழுதுங்க.

புதுமூசை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. உரிமம் கிடைத்த பிறகு சீட்டில் போடுவதற்கு ஒரு வரைவு. குறை சொல்லுங்கள்:

> '100% ஃபேர்மைன்ட் மோதிரம். கொலம்பியாவின் ஈக்கிரா கூட்டுறவுச் சுரங்கத்தின் தங்கம். பாதரசமற்றது. சூழலுக்கு உகந்தது.'

ஏட்டுக்கணக்கு:

முதல் வரியே உடைகிறது. 18 கேரட் மோதிரத்தில் நாலில் ஒரு பங்கு வெள்ளியும் செம்பும். தங்கத்தின் சான்று அவற்றுக்குப் பொருந்தாது. மோதிரம் 100 இல்லை, அதிலிருக்கும் தங்கம்தான். 'இந்த மோதிரத்தின் தங்கம் ஃபேர்மைன்ட் சான்று பெற்றது' என்று எழுதுங்கள். விலக்கு பெற்ற பற்றாசு இருந்தால் அதையும் எப்படிச் சொல்வது என்று உரிமம் தருபவரிடம் கேளுங்கள். வெள்ளிக்கு மேல் தங்க முலாம் பூசிய பொருளாக இருந்தால் இன்னும் கவனம்: முலாம் மட்டும்தான் என்பது அதே அளவு எழுத்தில், அதே வரியில் இருக்க வேண்டும்.

உரைகல்:

சுரங்கத்தின் பெயர். 2015 அமைதி நோபல் பதக்கத்துக்கு ஈக்கிராவின் ஃபேர்மைன்ட் தங்கம் போனது என்பதால் எல்லாரும் அந்தப் பெயரை விரும்புகிறார்கள். ஆனால் ஃபேர்மைன்ட் குறுணை சாதாரணத் தங்கத்தோடு கலக்காது என்பதுதான் உறுதி. ஒரே சுரங்கத்தினது என்பது உறுதியில்லை. விற்பவர் இரண்டு மூன்று சான்று பெற்ற சுரங்கங்களின் தங்கத்தைச் சேர்த்து உருக்கியிருக்கலாம். உங்கள் தொகுதி எண்ணுக்கு ஒரே சுரங்கம் என்று விற்பவர் எழுத்தில் தந்தால் மட்டும் பெயர் போடுங்கள். அடுத்த தொகுதிக்குச் சீட்டை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயிரம் சீட்டு ஒரேயடியாக அச்சடித்துவிட வேண்டாம்.

'பாதரசமற்றது' என்பது எகாலஜிக்கல் வகைக்கு மட்டும் பொருந்தும். சாதாரண ஃபேர்மைன்டிலும் ஃபேர்டிரேடிலும் பாதரசத்தைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த இடமுண்டு. திறந்த வெளியில் கலவையைச் சூடாக்கக்கூடாது, ஆவியைப் பிடிக்கும் கருவி வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. நீங்கள் வாங்கிய பில்லில் 'எகாலஜிக்கல்' என்று இல்லாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

சட்டவாசி:

'சூழலுக்கு உகந்தது' என்பதை எடுத்துவிடுங்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று. உரிம எண்ணைப் போடுங்கள். சின்னத்தின் நிறம், குறைந்த அளவு, சுற்றி விட வேண்டிய வெற்றிடம் எல்லாம் வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும். வரைபடத்தை அச்சுக்கு முன்பே ஒப்புதலுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் மின்னஞ்சலை அந்த அச்சுப் பதிப்போடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

புதுமூசை:

திருத்தியது:

> 'இந்த மோதிரத்தின் தங்கம் ஃபேர்மைன்ட் சான்று பெற்றது. 18 கேரட், 750. உரிம எண் …, தொகுதி எண் …'

பெட்டி மூடியின் உள்ளே ஒட்டும் ஸ்டிக்கருக்கும் ஒப்புதல் வேண்டுமா? இணையக் கடைப் பக்கத்துக்கு?

சட்டவாசி:

இரண்டுக்கும் வேண்டும். பக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பொருள் பட்டியலின் மேல்பகுதியில் சின்னத்தைப் பொதுவாகப் போடாதீர்கள். கீழே சாதாரணத் தங்க நகைகளும் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். சான்று பெற்ற ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் தனித்தனியாகப் போடுங்கள்.

அரத்தூள்:

ஸ்டிக்கர் ரோலையும் எண்ணி வைங்க. எத்தனை மோதிரம் போச்சோ அத்தனை ஸ்டிக்கர்தான் குறைஞ்சிருக்கணும். ஆடிட்டர் அதையும் எண்ணுவாரு.